பஞ்சவர்ணத்தின் மறுபக்கம்

2019 ஜூலை 26, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, கணவாய்ப்பட்டி ராஜலட்சுமி தியேட்டரில் நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், பஞ்சவர்ணம் என்கிற கழுதை திரையை விட்டு இறங்கியது. இறங்கி, முன்வரிசை நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, டிக்கெட் கிழிக்கும் பரமனைத் தாண்டி நடந்தது. பரமன், படத்தின் நடுவில் எழுந்துபோகிறவர்களிடம் முப்பது வருஷமாகக் கேட்கிற கேள்வியைத்தான் அதனிடமும் கேட்டான்.

"திரும்பி வருவீகளா? வர்றதா இருந்தா அவுட் பாஸ் வாங்கிக்கங்க."

கழுதை வாங்கிக்கொள்ளவில்லை. அதிலிருந்து அது திரும்பி வரப்போவதில்லை என்று பரமன் தெரிந்துகொண்டான்.

உள்ளே படம் நிற்காமல் ஓடியது. அது 1975இல் வந்த 'சித்திரச் சந்தை'. தாயில்லாத மூன்று பிள்ளைகளோடு ஓர் உப்பு வியாபாரி வழிச்சத்திரத்துச் சுவரில் வரைந்திருந்த சந்தைக்குள் நுழைந்துவிடுவார். அவரும் பிள்ளைகளும் சதையும் ரத்தமுமான நடிகர்கள், சந்தையில் மற்ற எல்லாம், காய்கறிக்காரி முதல் காக்கை வரை, வரைந்த சித்திரம். எட்டுப் பாட்டு. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டப்பட்டு, அப்புறம் அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அப்புறம் அவர்களும் தொலைக்காட்சியில் பொங்கலுக்குப் பொங்கல் பார்த்து, மூன்று தலைமுறைக்கு மனப்பாடமான படம். அதைப் புதுமெருகு போட்டு மறுபடி வெளியிட்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டில் உப்பு வியாபாரி வெல்லக்கட்டியை நீட்டியபோது, அதைத் தின்ன வேண்டிய கழுதை இல்லாமல், கழுதை வடிவத்தில் ஒரு வெள்ளை ஓட்டைதான் இருந்தது. வியாபாரி ஓட்டைக்கு வெல்லம் ஊட்டி, ஓட்டையைத் தடவிக்கொடுத்து, ஓட்டையின் மேல் உப்பு மூட்டையை ஏற்றினார். நாற்பத்தொரு பேரும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். வெளியே வரும்போது தியேட்டர் முதலாளி ரெங்கசாமியிடம், "கழுதை பாதியிலேயே போயிருச்சுங்க, ஏசி வேற ஓடல" என்று இரண்டு புகாரையும் சேர்த்தே சொன்னார்கள்.

பஞ்சவர்ணத்துக்குத் தடிமன் கிடையாது. நேர் எதிரே வந்தால் ஒரு கறுப்பு நூல்தான் தெரியும். பக்கவாட்டில் வந்தால்தான் ஆரஞ்சு உடம்பும் நீலப் பிடரியும் மஞ்சள் குளம்பும் தெரியும். பிறந்ததிலிருந்து அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு சித்திரச் சுவர் இருந்ததால், ஊருக்குள்ளும் அது சுவரை ஒட்டியே, முன்பக்கத்தைத் தெருவுக்கும் பின்பக்கத்தைச் சுவருக்கும் கொடுத்து நடந்தது. எப்போதும் இடப்பக்கமாகத்தான் நடக்கும். வலப்பக்கம் திரும்பத் தெரியாது. அப்படித் தியேட்டர் முகப்புச் சுவரை ஒட்டி நடக்கும்போது டிக்கெட் கவுண்ட்டரின் கம்பி ஜன்னலைக் கடந்தது. கவுண்ட்டருக்குள் ஜெபமணி உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது கழுதையின் முன்பக்கம். ஜெபமணி ஒருத்தி பார்த்தது மறுபக்கம்.

மறுபக்கம் வழவழப்பாக இல்லை. தூரிகை போன தடமெல்லாம் மேடும் பள்ளமுமாக, ஒரு வண்ணம் இன்னொன்றின் மேல் ஏறி, காய்ந்த ஆற்றுப் படுகை போல இருந்தது. வயிற்றுப் பகுதியில், காய்ந்த ஆரஞ்சுக்கு மேலே, வெள்ளை வண்ணத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது: ரஹ்மத். கழுதை அடுத்த எட்டு வைத்தது. கோமளா. அடுத்த எட்டு. ஜெபமணி. பிறகு கழுதை ஓட ஆரம்பித்தது. பெயர்கள் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெள்ளைத் துடிப்பாகி ஜன்னலைக் கடந்து போயின.

"மேட்னிக்கு ரெண்டு" என்று ஜன்னலுக்குள் ஒரு கை நீண்டது. ஜெபமணி இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். மீதிச் சில்லறையைக் கொடுக்க மறந்தாள். ஊர்க்காரர்கள் பிறகு சொன்னதுபோல அது பயமோ பக்தியோ அல்ல. நாற்பத்து நான்கு வருஷத்துக் கோபம்.

அந்தத் தியேட்டரில் முப்பத்தொரு வருஷமாக டிக்கெட் கொடுக்கிற ஜெபமணிக்கு, இருபது வயதில் வடபழனியில் ஒரு மொட்டைமாடி அறையில் வேலை. ஏழு பெண்கள். காகிதத்தில் பென்சிலால் போட்ட படத்தை, கண்ணாடி போன்ற தாளில் மையால் இழுத்து, மை காய்ந்ததும் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமாக வண்ணம் பூச வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் கோடு கலையாமல், வண்ணம் சமமாகத் தெரியும். தாள் பறக்கும் என்று மின்விசிறி போட மாட்டார்கள். தூசி வரும் என்று ஜன்னல் திறக்க மாட்டார்கள். வியர்வை சொட்டும் என்று நெற்றியில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கழுதை ஒரு நொடி நடக்கப் பன்னிரண்டு தாள். பத்து மாதத்தில் பதினோராயிரம் தாள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அதைப் பூசியவளின் முதலெழுத்தை எழுத வேண்டும் என்பது இயக்குநர் மோகனரங்கனின் உத்தரவு. வண்ணம் கசிந்திருந்தால் யாரை ஏசுவது என்று தெரிய வேண்டும் அல்லவா. ஓரம் கேமராவில் விழாது.

முதல் வாரமே ரஹ்மத் சொன்னாள்: "தப்புக்கு மட்டும் நம்ம பேரு வேணுமாம்டி. வா, நல்லதுக்கும் எழுதுவோம்." அன்றிலிருந்து, வண்ணம் காய்ந்ததும், கழுதையின் வயிற்றில், பின்பக்கம், யார் பூசினார்களோ அவர்கள் முழுப் பெயரை வெள்ளையால் எழுதினார்கள். முன்பக்கம் தெரியாது. பதினோராயிரம் தாளிலும் எழுதினார்கள்.

படம் முடிகிற நேரம் மோகனரங்கன் ஒரு சிக்கனம் செய்யப் பார்த்தார். கழுதை கடைசியில் வலப்பக்கம் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் புதிதாக வரைவானேன், இருக்கிற தாள்களையே திருப்பிப் போட்டுப் படம் பிடித்தால் போயிற்று என்று நினைத்து, முதல் தாளைத் திருப்பினார். ஏழு பேரையும் வரிசையாக நிற்கவைத்து அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கழுதைக்கு எதுக்குடி பேரு?" அந்தக் காட்சியை அவர் படத்திலிருந்தே நீக்கினார். கழுதை வீட்டுக்குப் போகவே இல்லை. அதனால்தான் அதற்கு வலப்பக்கம் திரும்பத் தெரியாது. ஏழு பேருக்கும் அந்த வாரத்தோடு வேலை போயிற்று. படம் வெள்ளிவிழா கண்டபோது ஆளுக்கொரு சேலை கொடுத்தனுப்பி வரச்சொன்னார்கள். மேடையேற்றுவார்கள் என்று நம்பிப் போனார்கள். வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து ஒலிபெருக்கியில், "இந்த இரண்டு கைகளால் வரைந்தேன்" என்று மோகனரங்கன் சொன்னது வாசல்வரை கேட்டது. ரஹ்மத் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். பதின்மூன்று வருஷம் கழித்துச் செத்துப்போனாள். மற்றவர்கள் எங்கே என்று தெரியாது.

ஜெபமணி இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆதாரம் இல்லாததைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்போது ஆதாரம் நான்கு காலில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த ஏழு பெயரை, ஒரு தடவையாவது, நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும்.

ஊர் கழுதையை இரண்டே நாளில் பழகிக்கொண்டது. அது சுவரொட்டி தின்றது. காகிதத்தை விட்டுவிட்டு அதிலிருக்கும் வண்ணத்தை மட்டும் தின்றது. காதணி விழாக்காரர்கள், கண்ணீர் அஞ்சலிக்காரர்கள், இரண்டு பெரிய கட்சிகள் எல்லோருடைய முகமும் ஒரே நாளில் வெள்ளைத் தாளானது. "எங்க தலைவரைத்தான் ருசிச்சுத் தின்னுச்சு" என்று ஒரு கட்சியும், "உங்காளைத் தின்னுட்டு வாந்தி எடுத்துச்சு, நான் பாத்தேன்" என்று மறு கட்சியும் டீக்கடையில் அடித்துக்கொண்டன. மாட்டு மருத்துவர் வந்து, காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரைச் செருக இடமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆடி மாதம், கணவாயிலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் கழுதை பறந்துபோய் மின்கம்பியில் மாட்டியது. பேரூராட்சி ஆட்கள் ஏணி வைத்து இறக்குவார்கள். கடைசியில் பெண்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள்: காற்று வந்தால், எந்த வீட்டுக் கொடிக்கயிறு பக்கத்தில் இருக்கிறதோ, அதில் துணியோடு துணியாக இரண்டு காதிலும் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, காற்று நின்றதும் அவிழ்த்துவிட்டார்கள். படத்தில் அதன் பாட்டு ஒன்று உண்டு: "உப்பு மூட்டை இறக்கிவெச்சேன், ஊரே கொஞ்சம் ஆடு." அதை யார் செல்போனில் போட்டாலும் கழுதை ஆடும். பாட்டை நிறுத்தினால், எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே நிற்கும்.

ஜெபமணி சொல்லிப் பார்த்தாள். ரெங்கசாமியிடம் சொன்னாள். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "அக்கா, நம்ம தியேட்டர் கட்டினதுகூட நீங்கதானே?" என்றார். கழுதைச் செய்தி எடுக்க ஊருக்கு வந்திருந்த ஒரு நிருபரிடம் சொன்னாள். அவர் நல்லவர், கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் பஞ்சவர்ணம் கேமராவைக் கண்டதும், அது எந்தத் திசையிலிருந்து வந்தாலும், சட்டென்று முன்பக்கத்தைக் காட்டியது. அதன் பிறவிப் பழக்கம் அது. நிருபர் ஒரு மணி நேரம் அதைச் சுற்றி ஓடினார். அவரோடு கழுதையும் சுற்றியது.

"மேடம், பின்னாடி ஏதோ வெள்ளையா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு. ஆனா படம் இல்லாம எடிட்டர் போட மாட்டார்."

"ஏன், கண்ணால பாத்தது செய்தி இல்லையா?"

"கண்ணால பாத்ததை நான் எழுதலாம் மேடம். நீங்கதான் பூசினீங்கன்னு எதை வெச்சு எழுதுறது? ஜெபமணிங்கிற பேருல ஊருக்குப் பத்துப் பேரு இருக்காங்க."

அவள் கவுண்ட்டர் பலகையைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்போது பரமன் ஜன்னலைத் தட்டினான்.

"யக்கா, பெரியவுக எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணிட்டாக. கழுதைக்குக் கல்யாணமாம்."

இரண்டு வருஷமாக மழை இல்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் கொட்டும். இந்தப் பக்கம் காற்று மட்டும் வரும். குடத்துக்கு வரிசை, லாரிக்கு வரிசை, வரிசையில் அடிதடி. மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்வது அந்தப் பக்கத்து வழக்கம்தான். ஆனால் போன வருஷம் செய்த கல்யாணம் பலிக்கவில்லை. இந்த முறை மாப்பிள்ளை சினிமாக் கழுதை. பெண், செங்கல் சூளைக்காரன் சுருளியாண்டியின் கழுதை. மண் சுமந்து முதுகில் மயிர் போன, ஆறு வயதுக் கழுதை. அழைப்பிதழ் அடித்தார்கள். ஆகஸ்டு 7, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு மேல், ராஜலட்சுமி தியேட்டர் மைதானம். மாப்பிள்ளையின் தந்தை என்ற இடத்தில், "சித்திரச் சக்கரவர்த்தி" மோகனரங்கன் பெயர் இருந்தது. எண்பத்து நான்கு வயதில் அவர் சென்னையிலிருந்து காரில் வர ஒப்புக்கொண்டார்.

ஜெபமணி ஊர்க்கூட்டத்துக்கு நேராகப் போனாள்.

"அது தண்ணியில கரைச்ச பெயிண்ட்டுய்யா. மழை பெஞ்சா அரை மணி நேரம் தாங்காது. கரைஞ்சு போயிரும்."

"கரையட்டுமே யக்கா" என்றார் ஒருவர். "ஊருக்குத் தண்ணி வேணுமா, கழுதை வேணுமா?"

"அதுல ஏழு பேரு பேர் இருக்கு."

"யாரு பேரு?"

அவள் வரிசையாகச் சொன்னாள். கூட்டம் பொறுமையாகக் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன், "இதுல நம்ம ஊருக்காரக யாருமில்லையே" என்றான். கூட்டம் சாப்பாட்டுக்கு என்ன காய் என்பதற்குப் போனது. தண்ணீர் வேண்டும் என்பதில் அவளுக்கு மறுப்பில்லை; அவளும் மூன்றாம் தெருக் குழாயில் விடியலில் குடம் போடுகிறவள்தான். அவள் கோபமெல்லாம், கரைவதற்கு முன்னால் ஒரு தடவை திருப்பிப் பார்க்கக்கூட ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்பதுதான்.

கல்யாணத்தன்று தியேட்டர் மைதானத்தில் மேடை போட்டு, மேடைக்குப் பின்னால் இருபதடி அகலத்துக்கு மோகனரங்கன் படம் போட்ட பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பிளெக்ஸுக்கு முன்னால் ஒரு கயிறு. காற்று அதிகம் என்பதால், பட்டுத் துண்டும் மாலையும் போட்ட பஞ்சவர்ணத்தை, காதில் இரண்டு கிளிப், வாலில் ஒரு கிளிப் போட்டு அந்தக் கயிற்றில் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் மணப்பெண் சாணி போட்டுக்கொண்டு நின்றது. முன்னால் ஐந்நூறு நாற்காலி, இரண்டு தொலைக்காட்சிக் கேமரா. பிளெக்ஸுக்குப் பின்னால் சமையல் பந்தல்; அங்கே முப்பது பெண்கள், காய் நறுக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், பேரூராட்சித் துப்புரவுக்காரர்கள். அவர்களுக்கு மேடை தெரியாது. ஒலிபெருக்கி மட்டும் கேட்கும்.

தாலி கட்டியாயிற்று. மோகனரங்கனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இவனுடைய ஒவ்வொரு மயிரையும் இந்த இரண்டு கைகளால் வரைந்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. இவன்தான் என் பிள்ளை."

முதல் வரிசையில் ஜெபமணி எழுந்து நின்றாள். மைக் இல்லாமலே அவள் குரல் போதுமானதாக இருந்தது. முப்பத்தொரு வருஷமாகக் கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து 'ஹவுஸ்புல்' என்று கத்திய குரல்.

"உங்க பிள்ளைதானே? அதோட மறுபக்கம் என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

மோகனரங்கன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, கேள்வியை அடையாளம் தெரிந்தது. மெதுவாகச் சிரித்தார்.

"மறுபக்கம்னு ஒண்ணு கிடையாதும்மா. அது சித்திரம்."

ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். பேரூராட்சிச் செயல் அலுவலர், "அக்கா, உட்காருங்க, லைவ் போகுது" என்று கையைக் காட்டினார். ஜெபமணி உட்காரவில்லை. மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். இருபதடிப் பிளெக்ஸின் பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. கத்தியைத் தலைக்கு மேலே குத்தி, கீழ்வரை இழுத்தாள். காற்று மீதியைச் செய்தது. பிளெக்ஸ் இரண்டாகப் பிரிந்து படபடத்தது, நடுவில், கயிற்றில் தொங்கும் கழுதையின் மறுபக்கம் சமையல் பந்தலுக்கு முன்னால் நின்றது. கேமராக்கள் இரண்டும் முன்பக்கம் இருந்ததால் அது திரும்பவில்லை.

"ஏத்தா, என்னமோ எழுதியிருக்கு" என்றாள் கத்தரிக்காய்க்காரி.

"வாசி."

"ச... சகாயமேரி."

"சத்தமா வாசி!"

"சகாயமேரி!"

மேடையோரம் பேண்டு செட்டுக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெபமணி கத்தியைப் பிடித்த கையை நீட்டினாள்.

"அந்தப் பாட்டை அடி."

"யக்கா, செயல் அலுவலரு..."

"அடிடா!"

அடித்தார்கள். உப்பு மூட்டை இறக்கிவெச்சேன், ஊரே கொஞ்சம் ஆடு. கழுதை கயிற்றில் தொங்கியபடியே ஆடியது. பெயர்கள் வெள்ளையாகத் துடித்து ஓடின. "நிறுத்து!" என்றாள். நின்றது. முப்பது பெண்களும் ஒன்றாக வாசித்தார்கள்: "கோமளா!" "அடி!" ஆடியது. "நிறுத்து!" "எத்திராஜம்மா!" "அடி! நிறுத்து!" "திலகா!" முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, பின்னால் ஏதோ நடக்கிறது, தங்களுக்குத் தெரியவில்லை என்ற தவிப்பு தாங்கவில்லை. முதலில் பிள்ளைகள் ஓடினார்கள். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு பெண்கள். பெண்களைக் கூப்பிடப்போன ஆண்கள் திரும்பவில்லை. "வள்ளிநாயகி!" என்று இருநூறு பேர் வாசித்தார்கள். "ஜெபமணி!" என்று முந்நூறு பேர் வாசித்துவிட்டு, வாசித்த பிறகு, பக்கத்தில் கத்தியோடு நிற்பவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரெங்கசாமி கணக்குப்பிள்ளையின் பின்னால் ஒதுங்கினார். பரமன் மட்டும், "டிக்கெட் கவுண்ட்டர் யக்காடா!" என்று விசிலடித்தான்.

ஒரு பெயர் பாக்கி இருந்தது. பேண்டு அடித்தது, நின்றது, திலகா. அடித்தது, நின்றது; மறுபடி கோமளா. அவள் வர மறுத்தாள். ஜெபமணி கத்தியைத் தாழ்த்தினாள். "வாடி" என்றாள், கழுதையைப் பார்த்து அல்ல. "பன்னீர்ச் செம்பை வெச்சுட்டுப் போனியே, இப்ப வாடி." முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது. பேண்டு அடித்தது. நின்றது.

"ரஹ்மத்!"

ஐந்நூறு பேர் வாசித்தார்கள். முன்பக்கம் அப்போது மோகனரங்கனும், அவரைத் தாங்கிய இரண்டு பேரும், செயல் அலுவலரும், இரண்டு கேமராவும், மணப்பெண்ணும் மட்டும் இருந்தார்கள்.

பிறகு மழை வந்தது. கணவாயைத் தாண்டி, இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்திருந்தது போல, தாரை தாரையாக வந்தது. ஊர் முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, சிரித்து, வழுக்கி, விழுந்து, கும்மியடித்தது. ஜெபமணி கழுதைக்குப் பக்கத்திலேயே நின்றாள். முதலில் வெள்ளை எழுத்துகள் கரைந்தன. பிறகு ஆரஞ்சு, பிறகு நீலம், கடைசியில் மஞ்சள் குளம்பு. கொஞ்ச நேரம் கறுப்புக் கோடு மட்டும் கயிற்றில் தொங்கியது. அதையும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மூன்று கிளிப்பும் பட்டுத் துண்டும் ஒரு மாலையும் மிஞ்சின. வண்ணத் தண்ணீர் மைதானத்திலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து கண்மாய்க்கும் ஓடியது.

அன்று இரவுச் செய்தியில் முன்பக்கம்தான் வந்தது. மழையில் கரையும் கழுதை, அதன் முன்னால் நனைந்தபடி அழும் மோகனரங்கன், "தன் கையால் வரைந்த பிள்ளையைத் தன் கண்முன்னே இழந்த தந்தை" என்ற வரி. பின்னணியில் யாரோ பெயர் சொல்லிக் கத்துவது லேசாகக் கேட்டது. மூன்றாம் ஒளிபரப்பில் அதையும் நீக்கிவிட்டு வயலின் போட்டார்கள். மறுவாரம் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது: கணவாய்ப்பட்டியில், கழுதை கரைந்த இடத்தில், 'மோகனரங்கன் கலையரங்கம்' கட்டப்படும். ஊர்க்காரர்கள் ஜெபமணியைக் கண்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். அந்த ஏழு பெயரை அரங்கத்தில் வைக்கச் சொல்லி யாரும் மனு எழுதவில்லை. கண்மாயில் தண்ணீர் இருந்தது. அரங்கம் வந்தால் பேருந்து நிறுத்தம் வரும் என்றார்கள்.

கண்மாய் வற்றிய பிறகு, மாசி மாதம், சுருளியாண்டி கவுண்ட்டர் ஜன்னலுக்கு வந்தான். துண்டில் சுற்றி ஒரு செங்கல் கொண்டுவந்திருந்தான்.

"யக்கா, நான் கண்மாயில மண்ணெடுத்து அறுத்த கல்லு. என் அச்சுல 'சுருளி'ன்னுதான் இருக்கும். பச்சையா இருக்கையில அப்படித்தான் இருந்துச்சு. சூளையைப் பிரிச்சா இப்படி இருக்கு."

செங்கல்லின் நடுக்குழியில், பெயர் வர வேண்டிய இடத்தில், வெள்ளையாக, சாய்ந்த கையெழுத்தில், ரஹ்மத் என்று இருந்தது. ஜெபமணி விரலால் தேய்த்தாள். போகவில்லை.

"எத்தனை கல்லு இப்படி?"

"ஒரு சூளை முழுக்க. ஏழு பேரு மாறி மாறி வருது. பதினோராயிரம் கல்லு. எனக்குப் பயமா இருக்குக்கா. உடைச்சுப் போட்டுரவா?"

"எந்தக் கட்டடத்துக்குப் போகுது?"

"கலையரங்கத்துக்கு."

ஜெபமணி கல்லை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"முன்பக்கச் சுவருக்கு அனுப்பு" என்றாள். "பேரு வெளிய பாக்குற மாதிரி அடுக்கச் சொல்லு. பூசத்தானே போறாக, யாரு கேப்பா?"

2022 செப்டம்பர் 14, புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, கணவாய்ப்பட்டி மோகனரங்கன் கலையரங்கத்தின் முன்பக்கச் சுவரில் சிமெண்டுப் பூச்சு நான்காம் முறையாக உதிர்ந்தது.